மழையில் ஒரு மனிதரை வரைக

இத்துரால்தே குடும்பத்தில் மூன்று தலைமுறையாக எவரும் படகில் குடை விரித்ததில்லை. சுக்கான் சக்கரத்துக்கு இரண்டு கை வேண்டும். குடைக்கு ஒரு கை வேண்டும். ஆண்டவன் மூன்றாவது கையைக் கொடுக்கவில்லை. இது உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி என்றுதான் ரெமிஹியோ இத்துரால்தே தமது அறுபத்திரண்டாம் வயது வரை நம்பியிருந்தார். அந்த நம்பிக்கையைக் கெடுக்க ஓர் அறிவியல் நிறுவனமே வரவேண்டியிருந்தது.

திக்ரே படகுத்துறையிலிருந்து தீவுகளுக்குப் போகும் பயணிகள் படகை அவர் முப்பத்தெட்டு வருடமாக ஓட்டினார். பள்ளிக்கூடப் பிள்ளைகள், வாத்தியார்கள், எரிவாயு உருளைகள், வாத்துக் கூடைகள், கல்யாணப் பெண்கள், ஒரு முறை ஒரு பியானோ, எல்லாவற்றையும் கரை சேர்த்தவர். யாரும் அவரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, தோன் ரெமிஹியோ என்றுதான் கூப்பிடுவார்கள். சுக்கானுக்கு மேலே மூன்று கண்ணாடிச் சட்டங்கள் வரிசையாகத் தொங்கின. முதலாவதில் தாத்தாவின் ஓட்டுநர் உரிமம், இரண்டாவதில் அப்பாவினுடையது, மூன்றாவதில் அவருடையது. உரிமம் பயணிகள் பார்வையில் படும்படி இருக்கவேண்டும் என்பது சட்டம். சட்டம் கேட்டது ஒன்றைத்தான். மூன்று மாட்டியது குடும்ப மரியாதை. திங்கள்கிழமை தோறும் மூன்று கண்ணாடியையும் தமது கைக்குட்டையாலேயே துடைப்பார். வேறு யாரையும் தொடவிடமாட்டார்.

அந்த ஆண்டு மார்ச் மாதம் துறைமுக அலுவலகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. இனிமேல் உரிமத்தைப் புதுப்பிக்க எல்லா ஓட்டுநர்களும் ‘நீர்வழி ஊழியர் அறிவியல் உளவியல் நிறுவன’த்தில் மனத்தகுதிச் சான்று வாங்கவேண்டும். ஒன்பதாவது விதி இன்னும் விசேஷமானது. தேர்வின் முடிவுத் தாள், அது எப்படிப்பட்டதாக இருந்தாலும், படகுக்குள் பயணிகள் கண்ணில் படும்படி மாட்டப்பட வேண்டும்.

மனத்தைப் பிறரிடம் காட்டுவது அந்த ஊரில் புதிய பழக்கமல்ல. பல் வைத்தியர் இல்லாத வீடு உண்டு, மனம் கேட்கும் ஆள் இல்லாத வீடு கிடையாது. காய்கறிக்காரன் செவ்வாய்க்கிழமை போவான், தபால்காரன் வியாழக்கிழமை போவான். “என் ஆளு என்ன சொன்னாருன்னா” என்று ஆரம்பித்தால் மனவைத்தியரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று அர்த்தம். இத்துரால்தே வீட்டில் மட்டும் அப்படி ஓர் ஆள் இருந்ததில்லை. அவர்களுக்கு மனம் இல்லாமல் இல்லை. அதை அவர்கள் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

சக ஓட்டுநர் துல்லியோ படகுத்துறையில் மாத்தே தேநீரை உறிஞ்சிக்கொண்டே தைரியம் சொன்னான். “அண்ணே, ஒண்ணும் பயப்படாதீங்க. மழையில ஒரு மனுஷன வரையச் சொல்லுவாங்க. குடைய வரைஞ்சுடுங்க. காலுக்குக் கீழ ஒரு கோடு போடுங்க, அது தரை. மூஞ்சில ஒரு சிரிப்பு. சட்டைக்குப் பட்டன் வேணும், மறந்துடாதீங்க. இந்த நாட்டுல வேலைக்குப் போன எல்லாருக்கும் இது தெரியும். என் மச்சான் பேங்குல சேந்ததே அந்தக் குடையாலதான்.”

“மழையில குடை எதுக்கு?”

“மழையிலதாண்ணே குடை.”

“எந்த மழையில? காத்தோட வர்றதுலயா, காத்து இல்லாமலா?”

துல்லியோ உறிஞ்சு குழலை வாயிலிருந்து எடுத்தான். “அண்ணே, நீங்க பெயிலாயிடுவீங்க,” என்றான்.

நிறுவனம் எடுத்தவுடன் தேர்வு வைத்துவிடவில்லை. அது நாகரிகமான நிறுவனம். அளக்கப்படுகிறவனுக்கு அளவுகோலைப் பற்றித் தெரியவேண்டும் என்பது அதன் இயக்குநர் டாக்டர் பெலுஃபோவின் கொள்கை. ஆகவே முதல் நாள் எல்லா ஓட்டுநர்களுக்கும் ‘உளவியல்: ஓர் அறிவியல், ஓர் அறிமுகம்’ என்ற வகுப்பு நடந்தது. டாக்டர் குள்ளமானவர். வில் வடிவக் கழுத்துப்பட்டி அணிந்து, மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கோத்து மாட்டியிருந்தார். கோட்டில் நிறுவனத்தின் முத்திரை, ஒரு தலை, தலைக்குள் ஒரு தராசு.

“நண்பர்களே!” என்று ஆரம்பித்தார். “இயற்பியல்காரன் கல்ல அளக்கறான். கல்லு பொய் சொல்லாது. அது என்ன பெரிய சாமர்த்தியம்? நாங்க மனுஷன அளக்கறோம். மனுஷன் வாயத் திறந்தாலே பொய். பொய்ய வச்சு உண்மைய அளக்கறதால எங்களுதுதான் எல்லாத்தையும் விடக் கஷ்டமான அறிவியல்.”

ஓட்டுநர்கள் கைதட்டினார்கள். வகுப்பு முடிந்ததும் இனிப்பு ரொட்டி உண்டு என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்.

“உளவியல் ஒரு அறிவியலான்னு சில பேரு கேக்கறாங்க. நூத்தி நாப்பது வருஷத்துக்கு முன்னாடி ஜெர்மனியில ஒரு பேராசிரியரு பித்தளைக் கருவியெல்லாம் வாங்கி ஒரு அறையில வச்சுக் கதவுல ‘சோதனைச்சாலை’ன்னு எழுதி மாட்டினாரு. அன்னிக்கே தீந்து போச்சு கேள்வி. நம்ம நிறுவனத்துலயும் அப்படி ஒரு அறை இருக்கு. பலகையும் இருக்கு. பித்தளைக் கருவி ஆர்டர் குடுத்திருக்கோம்.” பிறகு பலகையில் நான்கு சொற்களை எழுதினார். கவனி. அள. திரும்பச் செய். கணித்துச் சொல். “இந்த நாலும் இருந்தா அறிவியல். இல்லாட்டி அரட்டை.”

தோன் ரெமிஹியோவுக்கு இது பிடித்திருந்தது. நதியைக் கவனிக்கவேண்டும், கோலை விட்டு ஆழத்தை அளக்கவேண்டும், மறுநாளும் அதையே செய்யவேண்டும், நாளை தண்ணீர் எவ்வளவு இருக்கும் என்று சொல்லத் தெரியவேண்டும். அவருடைய அப்பாவும் இதைத்தான் சொன்னார், பலகை இல்லாமல். அவர் கை உயர்த்தினார்.

“டாக்டர், நீங்க கணிச்சுச் சொன்னது எத்தனை தடவ சரியா வந்துச்சு?”

டாக்டர் பெலுஃபோ கருணையோடு சிரித்தார். “தோன் ரெமிஹியோ, நாங்க கணிச்சு, அது நடக்கலேன்னா, எங்க கணிப்பக் கேட்டு அந்த ஆளு உஷாராயிட்டான்னு அர்த்தம். நடந்தா நாங்க சொன்னது சரின்னு அர்த்தம். இதுவரைக்கும் ஒரு கணிப்புகூடத் தப்பினதில்ல.”

மறுநாள் தேர்வு. தேர்வாளர் செலெஸ்தே இரிகோய் இளம்பெண், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள். வெள்ளைத்தாளையும் பென்சிலையும் மேசை விளிம்புக்கு இணையாக வைத்தாள்.

“மழையில ஒரு மனுஷர வரைங்க ஐயா.”

“யாரம்மா?”

“யார வேணும்னாலும்.”

“எங்க நிக்கறாரு?”

“அத நான் சொல்லக்கூடாது.”

“காத்து எந்தப் பக்கமிருந்து?”

அவள் கையேட்டைப் புரட்டினாள். “காத்தப் பத்திக் கையேட்டுல எதுவும் இல்லைங்க.”

மழையைப் பற்றிப் புத்தகம் போட்டுவிட்டுக் காற்றைப் பற்றி ஒரு வரி எழுதாதவர்களை அவர் வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தார். ஆனால் பெண்பிள்ளையிடம் கோபித்து என்ன பயன் என்று பென்சிலை எடுத்தார். கவனித்ததைத்தானே வரையவேண்டும்? படகின் மேல்தளம். மெழுகுத்துணிக் கோட்டும் தொப்பியும் அணிந்த மனிதர். இரண்டு கையும் சக்கரத்தில். மழைக்கோடுகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக. காற்றின் வேகம் தெரியவேண்டும் என்பதற்காகக் கம்பத்தில் விறைத்த ஒரு கொடி.

“முடிஞ்சுதா? நல்லாப் பாருங்க ஐயா,” என்றாள் செலெஸ்தே. மனிதரின் தலைக்கு மேலே காலியாக இருந்த இடத்தைப் பார்த்தே அவள் கண் கெஞ்சியது. “எதாவது விட்டுப்போச்சா?”

அவர் நன்றாகப் பார்த்தார். அவள் சொன்னது சரிதான். மிதவை வளையம் விட்டுப் போயிருந்தது. அதையும் வரைந்து கொடுத்தார்.

துல்லியோவுக்கு வரையவே வராது. மனிதனை வரையப் பார்த்து, அது பானை மாதிரி வந்ததும் வெட்கப்பட்டு, தாள் முழுவதும் ஒரு பெரிய குடையை வரைந்து அவனை மறைத்துவிட்டான். பத்துக்கு ஒன்பதரை வாங்கினான்.

தோன் ரெமிஹியோவின் முடிவுத் தாள் ஒரு வாரத்தில் வந்தது. ‘தற்காப்பு அறவே இல்லை. கால்கள் தரையில் இல்லை. மழை இடப்பக்கமிருந்து வருகிறது. இடம் என்பது இறந்தகாலம், எனவே தந்தையுடன் தீராத பிணக்கு. வளையம்: கருப்பைக்குத் திரும்பும் ஏக்கம். நெருக்கடியில் இவர் உடைந்துவிடுவார். முப்பது நாளைக்குத் தற்காலிக உரிமம், பின் மறுதேர்வு.’ ஒன்பதாவது விதிப்படி துறைமுக அலுவலக ஊழியர் ஒருவர் வந்து மூன்றாவது சட்டத்திலிருந்து உரிமத்தை உருவிவிட்டு, இந்தத் தாளைச் செருகிவிட்டுப் போனார். தாள் சட்டத்தைவிடப் பெரியது. மேல் பகுதி மடிந்து, ‘தந்தையுடன் தீராத பிணக்கு’ என்ற வரி சரியாக அப்பாவின் உரிமத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

அன்றிலிருந்து படகு ஒரு வாசகசாலை ஆயிற்று.

“தோன் ரெமிஹியோ, அப்பாகூட என்ன சண்ட?” என்றாள் வாத்து முட்டை விற்கும் பெனித்தா, கூடையை இறக்கி வைக்கும் முன்பே.

“சண்டையே கிடையாதும்மா. எங்கப்பா செத்து இருபத்தோரு வருஷமாச்சு. உயிரோட இருந்தப்பவும் நான் எதுத்துப் பேசினதில்ல.”

“ஐயோ, அதுதான் ஆபத்து! எதுத்துப் பேசாத சண்டதான் உள்ள போயி உக்காந்துக்கும். என் ஆளு அப்படித்தான் சொல்றாரு.”

“உங்க ஆளு எங்கப்பாவப் பாத்திருக்காரா?”

“பாக்காமயே சொல்லுவாரு. அதுக்குத்தானே படிச்சிருக்காரு.”

ஒரு வாத்தியார் மிதவைச் சட்டையை ஏறும்போதே மாட்டிக்கொண்டார். முன்பு அவர் தூங்கிக்கொண்டே போகிறவர். எரிவாயுக் கடைக்காரர், “உடைஞ்சுடுவாருன்னு போட்டிருக்கே, எப்போன்னு போடலையே,” என்று கவலைப்பட்டார். யாரும் கேலி செய்யவில்லை. அன்பாகவே பேசினார்கள். அன்புதான் தோன் ரெமிஹியோவின் முதுகில் ஈட்டிபோல் இறங்கியது. திங்கள்கிழமை கண்ணாடிகளைத் துடைக்கும்போது அப்பாவின் முகத்தை நினைக்காமல் துடைத்தார். முப்பத்தெட்டு வருடத்தில் அது முதல்முறை.

வீட்டில் ஓதிலியா சோள அடையைத் தட்டில் வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். “ஏங்க, ஒரு குடைய வரைஞ்சா உங்க மீச உதிர்ந்துடுமா? ஒரு வளைவு, கீழ ஒரு குச்சி. பால்வாடிப் புள்ளகூட வரையும்.”

“வரையத் தெரியாமலா இருக்கேன்?”

“பின்ன?”

“ஓதிலியா, அந்தப் படத்துல நிக்கறவன் சுக்கானப் பிடிச்சிருக்கான். நான் குடை வரைஞ்சா அவன் ஒரு கைய விடணும். காயிதத்துல விட்டா என்னன்னு கேப்ப. காயிதத்துல விட்டவன் தண்ணியிலயும் விடுவான். தாத்தா பாத்துக்கிட்டிருக்காரு.”

“தாத்தாவுக்கு என்ன, செத்துட்டாரு. அவருக்கு உரிமம் புதுப்பிக்க வேண்டியதில்ல,” என்று சொல்லிவிட்டு ஓதிலியா அடையில் பாதியைத் தன் தட்டுக்கு எடுத்துக்கொண்டாள்.

மறுதேர்வை மூன்று தேர்வாளர்கள் மூன்று அறையில் உட்கார்ந்து தனித்தனியாகத் திருத்தினார்கள். தோன் ரெமிஹியோ அதே மனிதரை, அதே இரண்டு கையோடு வரைந்தார். கொடியை மட்டும் இன்னும் கொஞ்சம் விறைப்பாக்கினார். முதல் தேர்வாளர் ஒன்று போட்டார். இரண்டாமவர் மூன்று. மூன்றாமவள் செலெஸ்தே, ஏழு போட்டாள்.

“ஒரே படத்துக்கு மூணு மார்க்கா டாக்டர்?” என்று கேட்டார் தோன் ரெமிஹியோ. “ஆழம் பாக்கற கோல் மூணு விதமாச் சொன்னா நாங்க கோலத் தூக்கிப் போட்டுடுவோம்.”

டாக்டர் பெலுஃபோ நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “அங்கதான் நீங்க தப்புப் பண்றீங்க. மூணு பேரும் ஒரே மார்க் போட்டிருந்தா, ஒருத்தரப் பாத்து ஒருத்தர் எழுதிட்டாங்களோன்னு எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். வேற வேற வந்திருக்கு, ஆகவே நேர்மை நிரூபணம் ஆயிடுச்சு. அப்புறம் நாங்க சராசரி எடுக்கறோம். சராசரி எடுத்ததும் சந்தேகமெல்லாம் போயிடும். உங்களுக்கு மூணு புள்ளி அறுபத்தேழு. அந்த அறுபத்தேழப் பாத்தீங்களா? அரட்டையில அந்த அறுபத்தேழு வராது.”

உரிமம் ரத்து. பதினான்காம் தேதி சனிக்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணி வரை செல்லும்.

“அதென்ன பன்னிரண்டு மணி?”

“துல்லியம்,” என்றார் டாக்டர்.

துல்லியமான நிறுவனங்கள் தங்கள் நாட்குறிப்பைப் பார்ப்பதில்லை. அதே பதினான்காம் தேதி சனிக்கிழமைதான் நிறுவனத்தின் ஆண்டு விழா. ஆறு வாய்க்கால் தாண்டி ஒரு தீவில் பழைய படகுச் சங்கக் கட்டடத்தில் கருத்தரங்கு. படகு கேட்டுத் துறைமுக அலுவலகத்துக்கு எழுதினார்கள். அன்று முறை யாருடையதோ அவரைத்தானே அலுவலகம் அனுப்பும்? காலை ஒன்பது மணிக்கு இருபத்திரண்டு பேர் படகில் ஏறினார்கள். ஒவ்வொருவர் கையிலும் விழா நினைவுப்பொருளாக ஒரு கறுப்புக் குடை. குடையில் நிறுவனத்தின் முத்திரை, தலைக்குள் தராசு.

தோன் ரெமிஹியோ வழக்கம்போல் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். கடைசி நாள் என்பதற்காகக் குறைவாகச் சொல்லவில்லை. நதியைப் பார்த்தார். வடிய வேண்டிய நேரத்தில் தண்ணீர் வடியாமல் நின்றது. படகுத்துறைத் தூண்களில் நேற்றைய ஈரக்கோடு தண்ணீருக்குள் போயிருந்தது.

“டாக்டர், காத்து தென்கிழக்குக்குத் திரும்புது. நதி வெளிய போகாது, திரும்பி வரும். பதினொண்ணரைக்குள்ள தீவுலருந்து கிளம்பிடறது நல்லது.”

“பயிற்சி இல்லாதவரோட கவனிப்பு,” என்று டாக்டர் பெலுஃபோ பக்கத்திலிருந்தவரிடம் தாழ்ந்த குரலில், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். “ஆபத்த எதிர்பாத்துக்கிட்டே இருக்கறது. தற்காப்பு இல்லாதவங்ககிட்ட இது வரும்.” பிறகு உரக்க, “நிகழ்ச்சி நிரல்படி மூணு மணிக்குக் கிளம்பறோம், தோன் ரெமிஹியோ!”

தீவில் சொற்பொழிவுகள் நடந்தன. தோன் ரெமிஹியோ படகை வழக்கமான ஒரு கயிற்றுக்குப் பதிலாக நான்கு கயிற்றால் கட்டினார். பதினொன்றரைக்குச் சங்கக் கட்டடத்தின் வாசலில் போய்த் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். உள்ளே டாக்டர் பெலுஃபோ ‘கணிப்பு: அறிவியலின் உச்சம்’ என்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். குறுக்கிடக் கூடாது என்று கையைக் காட்டினார். தோன் ரெமிஹியோ திரும்பிப் போனார்.

பன்னிரண்டு மணிக்குத் தீவின் சிறு தேவாலயத்தில் மணி அடித்தது. அவர் சக்கரத்திலிருந்து கையை எடுத்தார். தொப்பியைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தார். தாத்தாவின் சட்டத்தையும் அப்பாவின் சட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு, சங்கத்தின் கூரை போட்ட முற்றத்தில் போய்ப் பயணிகள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

பன்னிரண்டே காலுக்குக் காற்று வந்தது. கூரைத் தகடு ஒன்று எழுந்து நின்று சலாம் போட்டது. மழை கிடைமட்டமாக ஓடியது. அறிஞர்கள் சிறிதும் பதறாமல், நிறுவனம் பயிற்றுவித்தபடி, இருபத்திரண்டு குடைகளை ஒரே நேரத்தில் விரித்துக்கொண்டு படகுத்துறையை நோக்கி நடந்தார்கள். பத்தாவது அடியில் இருபத்திரண்டும் ஒரே நேரத்தில் வெளிப்பக்கமாகத் திரும்பிக்கொண்டன. கொஞ்ச தூரத்திலிருந்து பார்க்க இருபத்திரண்டு பேர் கிண்ணம் ஏந்தி மழைநீர் சேகரிப்பது போலிருந்தது. ஒரு பேராசிரியையின் குடை அவளை விட்டுப் பறந்து போய் ஒரு வில்லோ மரத்தில் மாட்டிக்கொண்டது. கிளையில் ஆடிய தலைக்குள் தராசும் ஆடியது. தண்ணீர் படகுத்துறைப் பலகைகளுக்கு மேலே வந்து அவர்களுடைய காலுறைகளை விசாரித்தது.

எல்லோரும் முற்றத்துக்கு ஓடி வந்தார்கள்.

“தோன் ரெமிஹியோ! கிளம்புங்க, உடனே!”

“மணி பன்னண்டு இருபது டாக்டர்.”

“அதனால?”

“பன்னண்டோட என் உரிமம் முடிஞ்சுது. உங்க கையெழுத்து. துல்லியம்னு சொன்னீங்க.”

“இது நெருக்கடி ஐயா!”

“நெருக்கடியிலதான் நான் உடைஞ்சுடுவேன்னு எழுதியிருக்கீங்க. படகுலயே மாட்டியிருக்கு, வேணும்னா போய்ப் பாத்துட்டு வாங்க. பெயிலான ஆளுகிட்ட இருபத்திரண்டு படிச்ச உயிர ஒப்படைக்கறது தப்பு. எங்கப்பா இருந்தா ஒத்துக்கமாட்டாரு. அவருகூட எனக்கு ஏற்கெனவே பிணக்கு இருக்குதாம், இன்னொண்ணு வேண்டாம்.”

கட்டடத்தின் மூன்றாம் படிக்குத் தண்ணீர் வர மாலையாகும் என்பது அவருக்குத் தெரியும். நிறுவனத்துக்குத் தெரியாது. யாரும் அவரைக் கணிக்கச் சொல்லிக் கேட்கவுமில்லை.

தண்ணீர் முதல் படியைத் தாண்டியதும் அறிஞர்கள் டாக்டரைச் சூழ்ந்துகொண்டார்கள். “மார்க்க மாத்திக் குடுங்க பெலுஃபோ, போய்த் தொலையலாம்!” என்று கத்தினார் ஒரு மூத்த பேராசிரியர். டாக்டர் பெலுஃபோ நிமிர்ந்து நின்றார். ஒரு கையில் புரண்ட குடை. அதை அவர் மடக்கவில்லை. மடக்க முடியவில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இன்னும் உயர்த்திப் பிடித்திருந்தார். கழுத்துப்பட்டி காதுக்குப் போயிருந்தது. “அறிவியல்ல மார்க்க மாத்தறது கிடையாது!” என்று முழங்கினார். “மறுபடி சோதிக்கறதுதான் உண்டு. செலெஸ்தே, ஒரு தாள்!”

நிகழ்ச்சி நிரலின் பின்பக்கம் காய்ந்திருந்தது. செலெஸ்தே அதையும் பென்சிலையும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். பழக்கத்தால் விளிம்புக்கு இணையாக வைத்தாள். “மழையில ஒரு மனுஷர வரைங்க ஐயா.”

“யார வேணும்னாலுமா அம்மா?”

“யார வேணும்னாலும்.”

முதல் வகுப்பிலேயே பலகையில் எழுதிக் காட்டியிருந்தார்கள்: கவனி. தோன் ரெமிஹியோ எதிரில் இருந்ததைக் கவனித்தார். கவனித்ததை வரைந்தார். இந்தத் தடவை குடையும் இருந்தது. செலெஸ்தே அதைப் பார்த்ததும் நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விட்டாள். அடுத்த நொடி குடையை உற்றுப் பார்த்தாள்.

மூன்று தேர்வாளர்களும் வேறு வேறு மூலைக்குப் போய், சுவரைப் பார்த்தபடி நின்று எழுதினார்கள். தாள்களை டாக்டர் பெலுஃபோவே வாங்கிப் படித்தார். முதல் தாளைப் படித்து முகம் மலர்ந்தார். இரண்டாவதைப் படித்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். மூன்றாவதைப் படித்ததும் குடையை இன்னும் ஒரு சாண் உயர்த்தினார்.

“நண்பர்களே, நம்ம நிறுவனத்தோட வரலாற்றுல இது நடந்ததில்ல. மூணு பேரும் ஒண்ணையே எழுதியிருக்காங்க! கேளுங்க. ‘தற்காப்பு தலைகீழாக உள்ளது. உதவாத ஒன்றை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். நனைவதைவிட நனைந்தது தெரிவதற்கே அஞ்சுகிறார். தம்மைப் பற்றி மிக உயர்ந்த எண்ணம், ஆதாரம் இல்லை. பிறருடைய பொறுப்பை இவரிடம் ஒப்படைக்கலாகாது. மதிப்பெண்: சுழி.’ மூணு சுழி! சராசரியும் சுழி! உளவியல் அறிவியலான்னு இனிமே எவன் கேப்பான்?”

அறிஞர்கள் கணுக்கால் தண்ணீரில் கைதட்டினார்கள்.

“அப்ப இந்தத் தடவ சந்தேகமே இல்லையா டாக்டர்?” என்றார் தோன் ரெமிஹியோ.

“துளிகூட இல்ல. வருத்தமாத்தான் இருக்கு. ஆனா இவ்வளவு தெளிவான முடிவ நான் பாத்ததேயில்ல.”

“கையெழுத்துப் போட்டுடறீங்களா? முத்திரையும்?”

டாக்டர் மகிழ்ச்சியோடு போட்டார். முத்திரையைச் சட்டைப்பையில் எப்போதும் வைத்திருப்பவர்.

“படத்துல இருக்கறது யாருன்னு நீங்க கேக்கவே இல்லையே.”

“கேக்க வேண்டியதில்ல. வரையப்பட்டவர்தான் வரைஞ்சவர். அது பாலபாடம்.”

“எனக்குக் கண்ணாடி கிடையாது டாக்டர்,” என்றார் தோன் ரெமிஹியோ. “கயிறும் கிடையாது.”

எல்லோரும் படத்தின்மேல் குனிந்தார்கள். கயிற்றில் தொங்கும் கண்ணாடி. காதில் வில் கழுத்துப்பட்டி. கோட்டில் தலை, தலைக்குள் தராசு. அதைக்கூட விடாமல் வரைந்திருந்தார். பிறகு எல்லோரும் நிமிர்ந்து டாக்டர் பெலுஃபோவைப் பார்த்தார்கள். அவர் இன்னும் குடையை இறக்கவில்லை. முதலில் சிரித்தவள் செலெஸ்தே. அவளுடைய வேலை நிரந்தரமாகியிருக்கவில்லை, இருந்தும் சிரித்தாள்.

தண்ணீர் இரண்டாம் படியைத் தொட்டபோது டாக்டர் பெலுஃபோ இன்னொரு தாளை எடுத்து, எந்தச் சராசரியும் எடுக்காமல், ஐந்து வருட உரிமம் எழுதிக் கொடுத்தார். பத்துக்குப் பத்து. புள்ளிக்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

தோன் ரெமிஹியோ அதை இரண்டு முறை படித்தார், மடித்து உள்பையில் வைத்தார், தொப்பியை எடுத்துத் தலையில் சரியாக அமர்த்திக்கொண்டார். “குடையெல்லாம் வாசல்ல வாளியில போட்டுட்டு ஏறுங்க. உக்காந்துக்கங்க. யாரும் நிக்கக் கூடாது.” இருபத்திரண்டு பேரையும், எதிர்த்து வரும் நதியில், இரண்டு கையும் சக்கரத்தில் வைத்து, ஒருவர் தலையும் எதிலும் இடிக்காமல் திக்ரே சேர்த்தார். உடையவில்லை. அதற்கும் நிறுவனத்திடம் விளக்கம் இருந்தது: தங்கள் கணிப்பைக் கேட்டு உஷாராகிவிட்டாராம்.

இறங்கும்போது டாக்டர் பெலுஃபோ பின்தங்கி நின்றார். “அந்தப் படம்... அந்த முடிவுத் தாள்... அத என்கிட்டயே குடுத்துடுங்க தோன் ரெமிஹியோ. பெரிய மனுஷன் நீங்க.”

“குடுக்கலாம் டாக்டர். ஆனா ஒன்பதாவது விதி இருக்கே. முடிவு எப்படிப்பட்டதா இருந்தாலும் படகுல மாட்டணும். உங்க முத்திரை வேற இருக்கு.”

அடுத்த மாதம் நிறுவனத்தின் சஞ்சிகையில் கட்டுரை வந்தது: ‘மழைப்பட முறையின் நம்பகத்தன்மை: மூன்று தேர்வாளரிடையே முழு உடன்பாடு.’ படத்தை மட்டும் அச்சிடவில்லை, இடம் போதவில்லையாம். டாக்டர் பெலுஃபோ இப்போதெல்லாம் துல்லியோவின் படகில்தான் போகிறார், பத்துக்கு ஒன்பதரை வாங்கிய படகு. அது மாதத்துக்கு இருமுறை சேற்றில் மாட்டிக்கொள்கிறது.

திங்கள்கிழமை தோன் ரெமிஹியோ மூன்று கண்ணாடிகளையும் துடைத்தார். மூன்றாவது சட்டத்தில் புது உரிமம். அப்பாவின் பக்கத்தில் வேறு எந்த வரியும் இல்லை. டாக்டர் பெலுஃபோவின் படத்துக்கும் முடிவுக்கும் நல்ல மரத்தில் நான்காவது சட்டம் ஒன்று செய்து, கதவோரம், நனைந்த குடை போடும் வாளிக்கு மேலே மாட்டினார்.

பெனித்தா முட்டைக் கூடையை வைத்துவிட்டுப் படத்தைப் பார்த்தாள், முடிவை எழுத்துக்கூட்டிப் படித்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். “நல்லாத்தானே சட்டம் போட்டிருக்கீங்க. இத மட்டும் ஏன் தனியா இங்க மாட்டியிருக்கீங்க தோன் ரெமிஹியோ? அங்க மேல வரிசையிலதான் இடம் இருக்கே!”

தோன் ரெமிஹியோ திரும்பவில்லை. கண் நதியில் இருந்தது, கை இரண்டும் சக்கரத்தில்.

“அவரு எங்க குடும்பம் இல்லம்மா,” என்றார்.